ஒரு திறமையாளரும் எட்டு முகாமையாளர்களும்

சுபாஜினி ஒரு திறமையாளர் என்று அரசாங்கம் கண்டுபிடித்த செய்தி தொலைபேசியில் வந்தபோது, அவள் நீர்வேலியில் இராசநாயகத்தின் வாழைத் தோட்டத்தில் கணுக்கால் சேற்றோடு நின்றாள். அழைத்தவர் புத்தாக்க ஆற்றல் மேம்பாட்டு அதிகாரசபையின் வடக்குக் கிளையிலிருந்து கதைப்பதாகச் சொன்னார். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்த திறமையாளர் வெற்றிடத்துக்கு அவள் தெரிவாகியிருக்கிறாளாம். திங்கட்கிழமை காலை அடையாள அட்டையோடு வந்து திறமையைப் பொறுப்பேற்க வேண்டுமாம்.

“நான் தொட்டி ஒண்டுதான் கேட்டனான்,” என்றாள் சுபாஜினி.

தொட்டி பற்றித் தனக்கு அறிவுறுத்தல் ஏதும் இல்லை என்று சொல்லி, அவர் வாழ்த்திவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

சுபாஜினி பயிர்நோய் படித்தவள். இணுவிலில் இருந்து தினமும் ஸ்கூட்டியில் ஆய்வுகூடத்துக்குப் போய்வருகிற அரசாங்க உத்தியோகத்தர். அவளுக்குத் துணையாக றோகான் என்ற இளைஞன் இருந்தான். நுண்ணுயிரியலில் பட்டம் பெற்று, ஒப்பந்த அடிப்படையில் வேலைக்கு வந்தவன். வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா இல்லையா என்ற கவலையைத் தவிர வேறு கெட்ட பழக்கம் இல்லாதவன்.

நீர்வேலியில் இதரை வாழைகள் வாடிக்கொண்டிருந்தன. முதலில் அடியிலை மஞ்சளாகும். பிறகு ஒவ்வொரு இலையாக முறிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோலத் தொங்கும். தண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்மண்ணிறக் கோடுகள் ஓடியிருக்கும். மண்ணில் இருக்கிற பூஞ்சணம் வேர்வழியாக ஏறிச் செய்கிற வேலை அது. மாரி பிறந்து வெள்ளம் தோட்டத்துக்குத் தோட்டம் பாயத் தொடங்கினால், நோயும் அதோடு சேர்ந்து வேலிகடந்து போகும்.

அந்தப் பூஞ்சணத்தை வேரண்டையில் மறித்து நிற்கிற ஒரு பற்றீரியாவைச் சுபாஜினியும் றோகானும் பல தோல்விகளுக்குப் பிறகு பிரித்தெடுத்திருந்தார்கள். இராசநாயகம் தன் தோட்டத்தில் இரண்டு நிரையைப் பரிசோதனைக்குக் கொடுத்தார். சுபாஜினி ஒவ்வொரு மரத்திலும் இலக்கம் எழுதின நீல நாடா கட்டினாள். அக்கம்பக்கத்தில் எல்லாம் சரிய, அந்த இரண்டு நிரையும் குலை தள்ளி நிமிர்ந்து நின்றன. ஆனால் போத்தல்களில் வளர்த்து ஒரு ஊருக்கு ஊற்ற முடியாது. பெரிய வளர்ப்புத் தொட்டி ஒன்று ஐப்பசிக்கு முன் வேண்டும் என்று அவள் மேலிடத்துக்கு எழுதியிருந்தாள். அந்தக் கடிதம் ஏதோ ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகிற வழியில், தொட்டி கழன்று விழுந்து, திறமை மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

திங்கட்கிழமை பணிப்பாளர் கலாநிதி லெனாட் அவளை வரவேற்றார். நல்ல மனிதர். யாரையும் நிற்கவைத்துக் கதைக்காதவர். சுவரில் அவர் வெளிநாடுகளில் எடுத்த குழுப் படங்கள் வரிசையாகத் தொங்கின. புதிய தேசியக் கொள்கையின்படி தனியாள் புத்தாக்கம் செய்வது இனி ஏற்கப்படாது என்றும், புத்தாக்கம் குழுவாகவே நிகழவேண்டும் என்றும் விளக்கினார். குழுவின் தலைவர் பதவிவழியாக அவரே. உபதலைவர், இணைப்பாளர், உப இணைப்பாளர், கண்காணிப்பாளர், மதிப்பீட்டாளர், ஊடக உத்தியோகத்தர், விழுமிய ஆலோசகர் என்று தொடர்ந்தது. கடைசியாகத் திறமையாளர். அது சுபாஜினி.

“எங்கடை நாட்டிலை திறமைக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை மிஸ்,” என்றார் பணிப்பாளர். “பஞ்சம் எல்லாம் திறமையை முகாமை செய்யிற ஆக்களுக்குத்தான். அந்தக் குறையைத்தான் இந்தக் கொள்கை நிவர்த்தி செய்யுது. ஒரு திறமையாளருக்கு எட்டு முகாமையாளர். தெற்காசியாவிலையே எங்களிட்டைத்தான் ஆகக்கூட.”

றோகானையும் குழுவில் சேர்க்கலாமா என்று அவள் கேட்டாள். ஒப்பந்த ஊழியரிடம் உள்ள திறமையும் ஒப்பந்தகாலத்துக்கே உரியது, நிரந்தரமற்ற திறமையில் அரசு முதலிட முடியாது என்று கொள்கையின் உபபிரிவு ஒன்று சொல்வதாக உப இணைப்பாளர் தெரிவித்தார். றோகான் அலுவலக வாசலில் மோட்டார்சைக்கிளோடு காத்துக்கொண்டிருந்தான்.

வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் இந்த வளர்ப்பு முறையைப் பழகுவதற்கு ஒரு வாய்ப்பு இருக்கிறதே, அதற்காவது விடுவீர்களா என்று அடுத்ததாகக் கேட்டாள். பணிப்பாளர் தகப்பனைப்போலச் சிரித்தார்.

“திறமையாளரை வெளியிலை அனுப்பினால் திரும்பி வராமல் விட்டிடுவினம். நாட்டுக்கு நட்டம். அதாலை திரும்பி வாறது நிச்சயமான ஆக்களைத்தான் அனுப்புறனாங்கள். என்னை எத்தினை நாட்டுக்கு அனுப்பியிருக்கினம். ஒரு நாட்டிலையும் என்னை நில்லுங்கோ எண்டு கேக்கேல்லை.”

அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை தவிர வேறொன்றும் இல்லை. மற்றவர்கள் தலையாட்டினார்கள். தொட்டியைப் பற்றிக் கேட்க அவள் வாயெடுத்தபோது, தொட்டி இரண்டாம் கட்டத்தில் வரும் என்றும், முதலாம் கட்டம் குழு உணர்வை வளர்ப்பது என்றும் இணைப்பாளர் சொன்னார்.

குழு உணர்வை வளர்க்கும் செயலமர்வு யாழ்ப்பாண நகரத்து விடுதி ஒன்றின் குளிரூட்டிய மண்டபத்தில் நடந்தது. கொழும்பிலிருந்து பெர்னடெட் என்ற பயிற்றுநர் வந்திருந்தார். அழகான குரல், ஓயாத உற்சாகம். உலகத்தின் பெரிய கண்டுபிடிப்பெல்லாம் தோல்வியில் பிறந்தவை என்று படங்களோடு விளக்கினார். ஆகவே தோல்வியைக் கண்டு அஞ்சாத சமூகம் ஒன்றை உருவாக்குவது கொள்கையின் உயிர்நாடி. ஒவ்வொரு குழுவும் முதலாம் கட்டத்தில் ஆகக்குறைந்தது ஒரு தோல்வியையாவது அடைந்திருக்க வேண்டும். தோல்வி இல்லாத குழு புத்தாக்கம் செய்யவில்லை என்றே கொள்ளப்படும்.

பிறகு பழைய பத்திரிகைத் தாள்களைச் சுருட்டிப் பாலம் கட்டச் சொன்னார். குழுத்தலைவர் மேற்பார்வை செய்ய, கண்காணிப்பாளர் கண்காணிக்க, ஊடக உத்தியோகத்தர் படம் எடுக்க, சுபாஜினி பாலத்தைக் கட்டினாள். மண்டபத்தில் இருந்த மற்றப் பாலங்கள் எல்லாம் கைதட்டலோடு சரிந்தன. அவளுடையது நின்றது. பெர்னடெட் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். முகம் வாடிப்போயிற்று. கடைசியில் இரண்டு கையையும் பாலத்தின்மேல் ஊன்றி அழுத்தினார். அது முறிந்ததும் குழுவுக்குப் பலத்த கைதட்டல் கிடைத்தது.

தேநீர் இடைவேளையில் சுபாஜினி அவரிடம் போனாள். தாங்கள் ஏற்கெனவே நிறையத் தோற்றவர்கள் என்றும், பற்றீரியாவைக் கண்டுபிடிக்க முன் நாசமாய்ப்போன வளர்ப்புகள் கணக்கில்லை என்றும் சொன்னாள். பெர்னடெட் அன்போடு கேட்டார். ஆனால் அவை கொள்கை அமுலுக்கு வருமுன் நடந்த தோல்விகள், பின்னோக்கி ஏற்றுக்கொள்ள வழியில்லை என்றார்.

“அப்ப இப்ப நல்லா நிக்கிற மரத்தை என்ன செய்யச் சொல்லுறியள்?”

“அதுக்குத்தான் மிஸ், துணிவு எண்டு சொல்லுறது.”

“நீங்கள் எதிலையாவது தோத்திருக்கிறியளோ?”

பெர்னடெட் கொஞ்சம் யோசித்தார். “நான் பயிற்றுநர். எங்கடை பதவிக்குத் தோல்வி ஒதுக்கேல்லை,” என்றார்.

அன்று பின்னேரம் நீர்வேலித் தோட்டத்தில் றோகானிடம் இதையெல்லாம் சொன்னபோது அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆவணி முடிந்துகொண்டிருந்தது. கிழக்குப் பக்கத் தோட்டக்காரர் ஒருவர் வாடின மரங்களைப் பிடுங்கி வாய்க்கால் ஓரம் போட்டிருந்தார். மழை வந்தால் அந்த அழுகல் எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்குத் தெரியும். இராசநாயகம் அந்த வாய்க்காலைப் பார்த்தபடி, பிள்ளை, உங்கடை கந்தோர் மருந்து எப்ப தரும் என்று கேட்டார். அவள் இரண்டாம் கட்டத்தில் என்று சொன்னாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. படித்த பிள்ளை சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்று நினைப்பவர் அவர். அந்த நம்பிக்கைதான் அவளை நித்திரை கொள்ளவிடாமல் வைத்திருந்தது.

புரட்டாதியில் அதிகாரசபையின் புத்தாக்கக் குழு மண்டபம் திறந்துவைக்கப்படுவதாக இருந்தது. பிரதம விருந்தினர் கொழும்பிலிருந்து வருகிறார். மேளம், நிறைகுடம், வரவேற்பு நடனம் எல்லாம் ஒழுங்காயிற்று. வாசலில் கட்டுவதற்குக் குலையோடு கூடிய வாழைமரங்கள் வேண்டும். அலங்காரத்தைப் பொறுப்பெடுத்தவர் விழாவுக்கு முதல்நாள் பின்னேரம் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு நீர்வேலிக்கு வந்தார். பார்த்த இடமெல்லாம் மஞ்சள் இலை, முறிந்த தண்டு. விருந்தினர் வருகிற வாசலில் நோய்பிடித்த மரத்தைக் கட்ட முடியுமா? தேடித் தேடிப் போனபோது, ஒரு தோட்டத்தில் மட்டும் இரண்டு நிரை, பார்க்கவே கண்ணூறு படுமாப்போல நின்றது.

இராசநாயகம் அன்று பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போயிருந்தார், இருட்டித்தான் திரும்பினார். வீட்டில் அவர் மனைவி குணலட்சுமி இருந்தாள்.

விழா நாளன்று காலை சுபாஜினி பட்டுச்சேலையோடு ஸ்கூட்டியை மண்டபத்துக்கு வெளியே நிறுத்தினாள். வாசலின் இருமருங்கும் வாழைகள் நின்றன. நல்ல மரங்கள் என்று முதலில் நினைத்தாள். பிறகு வண்ணத்தாளின் கீழே, தண்டைச் சுற்றி, நீல நாடா கட்டியிருப்பதைக் கண்டாள். அதில் இருந்த எழுத்து அவளுடைய எழுத்து.

கைப்பையை நிலத்தில் வைத்துவிட்டு, ஒவ்வொரு மரமாகப் போய் நாடாவைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுகூட மிச்சமில்லை. றோகானுக்கு அழைத்தாள். வாழை, வாழை என்று மட்டும் சொன்னாள். அவன் வந்து சேர்ந்ததும் முழங்கால் ஊன்றி மரத்தின் அடியை உற்றுப் பார்த்தான்.

“அக்கா, உள்ளை வெள்ளை.”

அலங்காரக்காரரிடம் கத்தி வாங்கித் தண்டைக் குறுக்காகச் சீவினான். எங்கும் ஒரு கோடு இல்லை. பால்போல வெள்ளை. அடுத்த மரமும் அப்படி. நோய் உள்ளே ஏறவில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. ஆனால் மாரியின் வெள்ளத்தில் நின்று பிடித்திருக்குமா, குலை முற்றியிருக்குமா என்ற மிச்சக் கேள்விக்கு இனி ஒருவரும் பதில் சொல்ல முடியாது. இருவரும் அந்த வாசலில் குந்தியிருந்து படம் எடுத்தார்கள். மேளகாரர் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பணிப்பாளர் வந்து விருந்தினரின் வாகனம் நாவற்குழியைத் தாண்டிவிட்டதாகவும், திறமையாளர் இப்படி நிலத்தில் இருப்பது அழகில்லை என்றும் சொன்னார். அவள் எழும்பி நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் முதலில் கறுத்தது. பிறகு மெல்ல வெளித்தது.

“அப்ப பரிசோதனை கெட்டுப்போச்சோ?”

“ஓம் சேர்.”

“முழுக்கவோ?”

“முழுக்க.”

“கொள்கை அமுலுக்கு வந்தாப்பிறகு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவர் விரைந்து உள்ளே போனார்.

வரவேற்புரையில் அவர் அதை அறிவித்தார். எங்கள் குழு தனது முதலாவது தோல்வியை இன்று காலை வெற்றிகரமாக அடைந்திருக்கிறது என்றார். குழுவாக உழைத்தால் எதையும் அடையலாம் என்பதற்கு இது சான்று என்றார். பிரதம விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினார். பிறகு அவர் தன் உரையில், இந்த நாடு எத்தனையோ தசாப்தங்களாகத் திட்டமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது, எங்கள் ஆட்சியில்தான் தோல்வி முதன்முறையாகத் திட்டமிடப்பட்டிருக்கிறது என்று குறிப்பிட்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

சுபாஜினியை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். மேலே நின்று பார்த்தபோது, இரண்டாம் வரிசையில் குணலட்சுமி தெரிந்தாள். கூறைச்சேலை உடுத்து, தலைக்குப் பூவைத்து, முகம் கொள்ளாத சிரிப்போடு மற்றவர்களைவிடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்ததும் அவளே ஓடிவந்து சுபாஜினியின் கையைப் பிடித்தாள்.

“மிஸ்ஸை மேடை ஏத்தப்போகினம் எண்டு மரம் கேட்டு வந்த தம்பி சொன்னது. அதுதான் வேறை ஆரிட்டையும் வாங்கவேண்டாம் எண்டு, நானே நல்ல மரமாப் பாத்து வெட்டிக் குடுத்தனான்.”

சுபாஜினி நல்லது அக்கா என்று சொன்னாள். வேறு என்ன சொல்வது? அன்று இரவே, அவை பரிசோதனை மரங்கள் என்ற விசயத்தை இராசநாயகம் மனைவியிடம் உடைத்துவிட்டார். அதன்பிறகு குணலட்சுமி சில நாள் தோட்டத்துப் பக்கம் வரவில்லை.

இரண்டாம் கட்டம் திறந்தது. தொட்டிக்கு அனுமதியும் கிடைத்தது. தொட்டி வாங்குவதற்கு ஒரு குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழுவுக்குக் குழு உணர்வை வளர்க்கும் செயலமர்வு தை மாதத்தில் நடக்கும் என்று இணைப்பாளர் அறிவித்தார். மாரி முடிந்தபிறகு தொட்டி வந்து என்ன பயன் என்று சுபாஜினி கேட்டாள். மாரி கொள்கையில் குறிப்பிடப்படவில்லை என்றார் மதிப்பீட்டாளர்.

அன்றுதான் அவள் முடிவெடுத்தாள். இணுவிலில் ஒரு மடத்தில் அன்னதானத்துக்குக் காய்ச்சுகிற பெரிய கிடாரம் இருந்தது. மடத்து மனேச்சரிடம் போய் இரவல் கேட்டாள். என்ன காய்ச்சப்போகிறீர்கள் என்று அவர் கேட்டார். மண்ணுக்கு மருந்து என்றாள். மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சேராதே என்று உறுதிப்படுத்தினார். கஞ்சித் தண்ணியும் பனங்கட்டியும்தான் என்று அவள் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். தங்கள் சேர்ச்சிலும் ஒரு பெரிய சட்டி இருக்கிறது, ஆனால் அதில் நத்தார்ப் பண்டிகைக்கு ஆட்டிறைச்சி காய்ச்சுவார்கள், பற்றீரியாவுக்குப் பரவாயில்லை, மனேச்சருக்குச் சரிவராது என்றான் றோகான்.

இராசநாயகத்தின் தோட்டத்துக் கொட்டிலில் அடுப்பு மூட்டினார்கள். கஞ்சியைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, போத்தலில் இருந்த வளர்ப்பை விட்டு, வெள்ளைத்துணி கட்டினார்கள். முதல் கிடாரம் புளித்து நாறிப்போயிற்று. துணியில் தூசி ஏறி, வேறு ஏதோ கிருமி முந்திக்கொண்டது. றோகான் கிடாரத்தைக் குழியில் ஊற்றிவிட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்தான். இரண்டாவது தடவை கொட்டிலைச் சுற்றி நனைத்த சாக்குக் கட்டினார்கள். அது தேறிற்று. வாளி வாளியாக வாழைகளின் அடியில் விட்டார்கள். வெட்டின மரங்களின் பக்கக் குட்டிகளுக்கும் விட்டார்கள். முழுத் தோட்டத்துக்கும் போதவில்லை. கிழக்குப் பாதி மிச்சமாய் இருக்கவே மழை பிடித்துவிட்டது.

மழை நின்று பார்த்தபோது, கிழக்குப் பாதி சரிந்து கிடந்தது. மேற்குப் பாதி நின்றது. மருந்தாலா, மேட்டுநிலம் என்பதாலா என்று உறுதியாகச் சொல்ல அவளால் முடியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இருந்த, முதலில் மருந்து விட்ட இரண்டு நிரையும் திறப்புவிழாவோடு போய்விட்டனவே.

அனுமதியற்ற புத்தாக்கம் செய்ததாக அவளிடம் விளக்கம் கோரப்பட்டது. புதிய மண்டபத்தில் விசாரணை. நடுவில் பணிப்பாளர் லெனாட் இருந்தார். கோபமாக இல்லை. மனவருத்தத்தோடு இருந்தார்.

“இதை உங்கடை குழுவோடை சேர்ந்து செய்திருக்கலாமே மிஸ்?”

“குழுவோடைதான் சேர் செய்தனான்.”

“ஆர் ஆர்?”

“றோகான். இராசநாயகம் அண்ணை. மடத்து மனேச்சர் கிடாரம் தந்தவர்.”

பதவிப்பெயர்கள் கேட்கப்பட்டன. ஒப்பந்த ஊழியர், தோட்டக்காரர், கிடாரம் தந்தவர். விழுமிய ஆலோசகர் கொள்கையைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். குழு இல்லை என்று பதிந்தார்கள்.

“சரி, முடிவு என்ன? வெற்றியோ தோல்வியோ?” என்று மதிப்பீட்டாளர் கேட்டார்.

முதல் கிடாரம் தோல்வி என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள். அதில் இருந்து தாங்கள் என்ன படித்தோம் என்றும் சொல்லப்போனாள். பணிப்பாளர் கையை உயர்த்தினார்.

“அது நீங்களாத் தோத்தது. எங்களைக் கேளாமல் தோத்ததை நாங்கள் ஏற்கேலாது. அப்பிடி ஆளாளுக்குத் தோற்க வெளிக்கிட்டால் பிறகு அதிகாரசபை எதுக்கு?”

திறமையாளர் பதவி அவளிடமிருந்து மீளப்பெறப்பட்டது. வெற்றிடம் விரைவில் நிரப்பப்படும் என்று ஊடக உத்தியோகத்தர் அறிக்கை விட்டார். ஆய்வுகூட வேலையில் அவள் தொடரலாம். றோகானின் ஒப்பந்தம் மட்டும் புதுப்பிக்கப்படவில்லை.

வெளியே அவன் மோட்டார்சைக்கிளில் சாய்ந்தபடி நின்றான். வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று தன்னை எடுத்திருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னான். பங்குனியில் பயணம்.

“அங்கை என்னடா கேட்டவை?”

“உனக்கு என்ன செய்யத் தெரியும் எண்டு கேட்டவை அக்கா. கிடாரக் கதையைச் சொன்னன். புளிச்சதைப் பற்றித்தான் கனநேரம் விசாரிச்சவை.”

அவள் அவன் தோளில் தட்டினாள்.

பங்குனி கழிந்து ஒரு காலை, சுபாஜினி விடுமுறை போட்டுவிட்டு நீர்வேலிக்குப் போனாள். மேற்குப் பக்கத்துக் குட்டிகளில் சில இலை விட்டிருந்தன. சிலவற்றின் அடியிலை மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. இராசநாயகம் அதைக் காட்டி, அடுத்த நடுகைக்கு இதரை வைக்கிறதோ, வெங்காயத்துக்கு மாறுகிறதோ என்று கேட்டார். தெரியாது அண்ணை, இன்னொரு மாரி பார்த்தால்தான் சொல்லலாம் என்றாள். படித்த பிள்ளை தெரியாது என்று சொன்னது அவருக்குப் புதிதாக இருந்தது. மண்ணைக் காலால் கிளறினார். பாதிக்கு வெங்காயம் போடுவம் என்று சொல்லிவிட்டு தண்ணீர் இறைக்கிற மிசின் பூட்டப் போனார்.

அவள் கொட்டிலுக்குள் போய்க் கழுவிவைத்திருந்த கிடாரத்தை அடுப்பில் ஏற்றப் பார்த்தாள். ஒரு ஆளால் தூக்கக்கூடிய பாரம் இல்லை. ஒருபக்கத்தை உயர்த்தினால் மறுபக்கம் சரிந்தது.

குணலட்சுமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விழாவுக்குப் பிறகு அவள் சுபாஜினியோடு கதைத்தது குறைவு. மெல்ல உள்ளே வந்து, சேலைத்தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மற்றப் பக்க வளையத்தைப் பிடித்தாள். இருவருமாகத் தூக்கி வைத்தார்கள்.

“இந்தமுறையும் பிழைச்சுப்போனால் ஆரிட்டைச் சொல்லவேணும் மிஸ்?”

“ஒருத்தரிட்டையும் இல்லை அக்கா. கழுவிப்போட்டுத் திரும்ப வைக்கவேணும்.”

குணலட்சுமி தலையாட்டிவிட்டு விறகு எடுக்கப் போனாள்.